திடீர்ச் சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஆர்கெஸ்ட்ரா இசை: எதைக் கொடுப்பது?

கொன்றைப்பூ
ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம் இருக்கிறது. குக்கர் விசில், மிக்ஸி, கல்யாண மண்டபத்துக் கெட்டிமேளம், பஸ்ஸின் ஏர் ஹாரன், எதற்கும் காதைப் பொத்திக்கொள்வான். ஆனால் வயலின் என்றால் அவனுக்கு உயிர். இளையராஜா பாட்டில் இடையிசை வரும்போது ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்காருவான். சரணம் ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவான். அப்படியானால் பாட்டே இல்லாத ஆர்கெஸ்ட்ரா இசையைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

ஒரு செயலியில் 'மனதுக்கு அமைதி தரும் கிளாசிக்கல்' என்று ஒரு தொகுப்பு கிடைத்தது. ஹெட்போனில் போட்டுவிட்டேன். இரண்டு துண்டு நன்றாகக் கேட்டான். மூன்றாவதாக ஹைடன் என்பவரின் சிம்பொனியில் ஒரு மெதுவான பகுதி வந்தது. பாலர் பாட்டு மாதிரி எளிமையான மெட்டு. போகப்போகச் சத்தம் குறைந்ததால் நான் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, மொத்தக் குழுவும் ஒரே அடியாக இடித்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். மூன்று வாரமாகிறது, இன்னும் ஹெட்போனைத் தொடவில்லை.

வால்யூமை ஏற்றியது என் கை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இதைத் தெரிந்து தேர்ந்தெடுக்க வழி உண்டா? எனக்கு மேற்கத்திய இசை படிக்கத் தெரியாது.


நடுவரிசை வயோலா
ஞாயிறு, இரவு 11.47

சகோதரி, நீங்கள் செய்ததில் தவறில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வால்யூமை ஏற்றத்தான் செய்வார்கள், ஏனென்றால் அதை எழுதியவர் அப்படித்தான் அமைத்திருக்கிறார். நீங்கள் கேட்டது ஹைடனின் 94-ஆவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. 1792 மார்ச்சில் லண்டனில் முதன்முதலாக வாசித்தார்கள். எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மெட்டு, அதே எட்டு பார் இன்னும் மெல்லிய சத்தத்தில் ஒருமுறை, அதன் கடைசியில், 16-ஆவது பாரில், டிம்பனி என்ற பெரிய முரசோடு மொத்தக் குழுவும் ஓர் அடி. அதோடும் முடிவதில்லை. கொஞ்ச தூரம் போனதும் மைனர் என்ற சோகச் சாயலுள்ள ஸ்வர வரிசைக்கு மாறி எல்லோரும் உரக்க வாசிப்பார்கள். 'மெதுவான பகுதி' என்று எழுதியிருப்பது வேகத்தைப் பற்றியது, சத்தத்தைப் பற்றியதில்லை. அந்தத் தொகுப்பைச் செய்தவர் அதைத்தான் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

25 வருடமாக அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வாத்தியம்) வாசிக்கிறேன். எனக்கே டிரம்பெட் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தால் தலைவலி வரும். அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். 'அமைதி', 'உறக்கம்' என்ற பெயர்களை நம்ப வேண்டாம். யார் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். டிரம்பெட்டும் டிம்பனியும் இல்லாத படைப்பு என்றாலே பாதி ஆபத்து குறைந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் அந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும், சேர்ந்தே விடுபடும்.

மொசார்ட்டின் 29-ஆவது சிம்பொனியில் (1774) இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், மீதியெல்லாம் நரம்பு வாத்தியங்கள். 40-ஆவது சிம்பொனியிலும் டிரம்பெட், டிம்பனி கிடையாது. ஆனால் அதன் கடைசிப் பகுதியில் மெல்லிய ஒலியும் உரப்பும் மாறி மாறி வெட்டும், உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம். 1791-இல், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு முடித்த கிளாரினெட் கான்செர்ட்டோவில் துணைக்குழு இரண்டு புல்லாங்குழல், இரண்டு பசூன், இரண்டு ஹார்ன், நரம்பு வாத்தியங்கள், அவ்வளவுதான். அதன் நடுப்பகுதியான அடாஜியோவை நான் தயங்காமல் சொல்வேன். நரம்பு வாத்தியங்களின் மெல்லிய துணையோடு கிளாரினெட் தொடங்கும், குழு அதையே திரும்பச் சொல்லும். அப்போது கொஞ்சம் உயரும். ஆனால் வருவது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும்.

மொசார்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஷாக்ட்னர் என்று சால்ஸ்பர்க் அரசவை டிரம்பெட்காரர் ஒருவர், மொசார்ட் குடும்பத்தின் நண்பர். மொசார்ட் இறந்த பிறகு, 1792-இல், அவருடைய அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்: ஏறக்குறைய பத்து வயதுவரை அந்தப் பையனுக்குத் தனியாக ஊதும் டிரம்பெட் என்றால் கிலி. பயத்தைப் போக்குவதாக நினைத்து அப்பா லெயோபோல்ட் அவனுக்கு எதிரிலேயே ஊதச் சொன்னார். ஊதியதும் பிள்ளை வெளிறிச் சாயத் தொடங்கிவிட்டான். இன்னும் ஊதியிருந்தால் வலிப்பே வந்திருக்கும் என்று எழுதுகிறார். உங்கள் மகன் கட்டிலுக்கு அடியில் போனதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.


பழைய கேசட்
திங்கள், காலை 6.30

வயோலா சார் சொல்வதோடு எனக்கு ஒரு பாதி உடன்பாடு. எனக்கு வயது 67, இரண்டு காதிலும் கருவி. என் காதைக் கொல்வது டிம்பனி இல்லை, உச்சத்தில் இழுக்கும் வயலின்கள். சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' எல்லா அமைதித் தொகுப்பிலும் இருக்கும். டிரம்பெட் இல்லை, முரசு இல்லை, முழுக்க நரம்பு வாத்தியங்கள்தான். ஆனால் முக்கால்வாசியில் எல்லோரும் மேலே ஏறி, மொத்த பலத்தோடு நின்று அழுத்துவார்கள். அந்த இடம் எனக்குள் ஊசி இறங்குகிற மாதிரி. ஆகவே வாத்தியப் பட்டியல் மட்டும் போதாது. எந்தக் காதுக்கு எது ஆகாது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு ஒத்துவந்தது சிபெலியஸின் 'துவோனெலாவின் அன்னம்'. புல்லாங்குழல் இல்லை, டிரம்பெட் இல்லை, கோர் ஆங்கிலே (ஓபோ இனத்தில் தாழ்ந்த குரலுள்ள குழல்) தனித்துப் பாடும். பெரும்பாலும் கீழ்ஸ்தாயிப் பக்கம். ஆனால் துக்கமான இசை, சிறுவனுக்குப் பிடிக்குமா தெரியவில்லை.


செவிநலம்
திங்கள், மதியம் 1.05

நான் ஆடியாலஜிஸ்ட், கேள்திறனைச் சோதிக்கும் நிபுணர். கேசட் ஐயா சொன்னது மிகச் சரி, அதைக் கொஞ்சம் விரிக்கிறேன். 'சத்தம் தாங்கவில்லை' என்ற ஒரே வாக்கியத்தோடு வருகிறவர்களுக்குள் பல நிலைகள் உண்டு. சாதாரணச் சத்தமே மிக உரக்கவோ வலியாகவோ தெரிந்தால் ஹைப்பர்அக்யூசிஸ் என்போம். மெல்லும் சத்தம், பேனா தட்டும் சத்தம் என்று குறிப்பிட்ட சில ஒலிகளுக்கு மட்டும் கோபமும் பதற்றமும் வந்தால் மிஸோஃபோனியா, அங்கே டெசிபல் முக்கியமே இல்லை. கேள்திறன் குறைந்த காதில் ஒலி உயரும்போது உரப்பு மட்டும் தாறுமாறாக ஏறும், ஐயாவுக்கு இருப்பது அதுவாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், முகவாதத்தில் காதுக்குள்ளிருக்கும் ஸ்டேபீடியஸ் என்ற சிறுதசை செயலிழந்தவர்களுக்கும் இது வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 'எப்போது வரும் என்று தெரியாமை'தான் பெரிய வேதனை.

இரண்டு விஷயங்களைப் பெற்றோரிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒன்று, நாள் முழுக்கக் காதை அடைத்து வைக்காதீர்கள். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இயல்பான காது உள்ளவர்களையே இரண்டு வாரம் காதடைப்பானோடு இருக்கச் செய்தார்கள். முடிவில் அவர்களுக்கு ஒலிகள் முன்பைவிட உரக்கத் தெரிந்தன. மெல்லிய இரைச்சல் கொடுக்கும் கருவியை அணிந்தவர்களுக்கோ நேர்மாறாக நடந்தது. தாங்க முடியாத இடத்தில் அடையுங்கள், வீட்டு அமைதியில் எடுத்துவிடுங்கள். இரண்டு, லெயோபோல்ட் மாதிரி வற்புறுத்தாதீர்கள். பழக்க வேண்டும் என்றால் அளவு பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

ஹெட்போனுக்கு ஓர் எண்ணும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. இது காது கெடாமல் இருப்பதற்கான அளவு. உங்கள் பிள்ளைக்கு இதமான அளவு இதற்கு வெகு கீழே இருக்கலாம். இதுவரை காட்டவில்லை என்றால் அருகில் ஓர் ஆடியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டுங்கள் அம்மா.


கொன்றைப்பூ
திங்கள், இரவு 8.50

டாக்டர், வயோலா அண்ணா, ஐயா, மூவருக்கும் நன்றி. மொசார்ட் கதையை மகனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து "அந்த அப்பா அப்புறம் சாரி சொன்னாரா?" என்று கேட்டான்.

அவனுக்கு எது ஆகாது என்று இன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கோயில் மணி நேரத்துக்கு அடித்தால் பொறுத்துக்கொள்கிறான். அதே மணியை யாராவது வழியில் போகும்போது அடித்தால் அழுகிறான். அப்படியென்றால் எதிர்பாராததுதான், இல்லையா?


ஃபேடர் கீழே
திங்கள், இரவு 10.20

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை. தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம்.

சினிமாப் பாட்டில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி சின்னது, நாங்களே கம்ப்ரஸர் போட்டு ஒன்றாக்கிவிடுவோம். ஆர்கெஸ்ட்ராப் பதிவில் அந்த இடைவெளியை அப்படியே விட்டுவைப்பார்கள். செயலிகளில் உள்ள 'சத்தத்தைச் சமப்படுத்து' வசதி ஒரு டிராக்குக்கும் இன்னொரு டிராக்குக்கும் சராசரியை ஒட்டிச் சமன் செய்வது. ஒரே டிராக்குக்குள் வரும் அடியை அது தடுக்காது. அதை நம்பி ஹெட்போன் மாட்டாதீர்கள்.

செய்யக்கூடியது: ஃபைலாக வைத்து, கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் போடுங்கள். அதில் எஃபெக்ட்ஸ் பகுதியில் கம்ப்ரஸர் இருக்கிறது. பல டிவிகளில் 'நைட் மோட்' என்று இருப்பதும் இதே வேலைதான். இசைக்காரர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் இசையே கேட்காமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஹெட்போனைவிட அறையின் மறுமூலையில் ஒரு ஸ்பீக்கர். அவன் எழுந்து தள்ளிப் போகலாம், அதுவே பாதி பயத்தைக் குறைக்கும். ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். இலவசச் செயலி என்றால் நடுவில் விளம்பரம் கத்தும். நேரடிக் கச்சேரிப் பதிவையும் தவிர்த்துவிடுங்கள், மெல்ல ஓய்ந்து முடியும்போது கைதட்டல் வெடிக்கும். நிறையப் பேர் மறந்துபோகும் இடம் இது.


நடுவரிசை வயோலா
செவ்வாய், அதிகாலை 12.15

ஃபேடர் தம்பி சொன்ன ஆட்டோபிளே விஷயத்துக்கு மிகச் சரியான உதாரணம் பாஹின் 'ஏர்'. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, நரம்பு வாத்தியங்களும் அடித்துணை வாத்தியமும் மட்டும், திடுக்கிடும் இடமே இல்லை. ஆனால் அது மூன்றாம் ஆர்கெஸ்ட்ரா சூட் என்ற பல பகுதித் தொகுப்பின் (பாஹ் படைப்புப் பட்டியலில் பிடபிள்யூவி 1068) இரண்டாம் பகுதி. அதற்கு அடுத்த பகுதியில் மூன்று டிரம்பெட்டும் டிம்பனியும் காத்திருக்கின்றன. ஆல்பமாகப் போட்டால் ஏர் முடிந்த சில நொடியில் மேலே விழும்.

பீத்தோவனின் ஆறாவதும் (1808) இப்படித்தான். முதல் இரண்டு பகுதியில் டிரம்பெட் இல்லை, டிம்பனி இல்லை. இரண்டாம் பகுதி ஓடைக்கரை, முடிவில் புல்லாங்குழல் நைட்டிங்கேலாகவும் ஓபோ காடையாகவும் கிளாரினெட் குயிலாகவும் கூவும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அங்கே நிறுத்திவிடுங்கள். மூன்றாம் பகுதி இடைவெளியே இல்லாமல் நேராகப் புயலுக்குள் போய்விடும். டிம்பனி அந்தச் சிம்பொனியிலேயே புயலில் மட்டும்தான் வரும், பிக்கோலோ என்ற கீச்சுக்குரல் சிறு புல்லாங்குழலும் அங்கேதான்.

எல்லாவற்றிலும் மோசமான கண்ணி சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி, முதல் பகுதி. மெல்லிய ஒலியைக் குறிக்கும் 'பி' எழுத்தை ஆறு முறை போட்டு, ஏறக்குறைய ஒன்றுமே கேட்காத அளவுக்கு இறக்குவார். அடுத்த பாரிலேயே மொத்தக் குழுவும் இடியாக விழும். ஹைடனாவது ஓர் அடியோடு மெட்டுக்குத் திரும்புவார்.

இசை படிக்கத் தெரியாது என்று சொன்னீர்கள். தேவையில்லை. ஐஎம்எஸ்எல்பி என்ற தளத்தில் பழைய படைப்புகளின் ஸ்கோர் (எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய இசைக்குறிப்பு) இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்தின் இடது ஓரத்தில் யார் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியல். உள்ளே வரிகளுக்கு அடியில் சாய்ந்த தடித்த எழுத்தில் 'பி' என்றால் மெல்ல, 'எஃப்' என்றால் உரக்க. 'எஃப்' இரண்டு சேர்ந்து, பக்கம் முழுக்க எல்லா வரியிலும் ஒரே இடத்தில் இருந்தால், அங்கேதான் அடி. அதற்கு முன் விரியும் கூர்முனைக் கோடு இருந்தால் படிப்படியாக ஏறுகிறது என்று பொருள். கோடு இல்லாமல் 'பி'-யை அடுத்து 'எஃப்' நின்றால் திடீரென்று. பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

கேசட் ஐயாவுக்கு ஒன்று. பிராம்ஸின் இரண்டாம் செரினேட் கேட்டிருக்கிறீர்களா? அதில் வயலினே கிடையாது. நரம்பு வாத்தியத்தில் வயோலாதான் மேல்வரி. டிரம்பெட், டிம்பனியும் இல்லை. கடைசிப் பகுதியில் மட்டும் பிக்கோலோ நுழையும், அதற்கு முன் நிறுத்திக்கொள்ளலாம். வயோலாக்காரன் என்பதால் சொல்லவில்லை ஐயா, அந்தச் சாம்பல் நிற வெதுவெதுப்பு வேறெங்கும் கிடையாது.


மருதடி
செவ்வாய், காலை 7.40

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரொன்டோவில இருக்கிறன். காதில ஒரு குறையும் இல்லை எண்டு சோதிச்சுச் சொல்லிப்போட்டினம். ஆனா நான் ஷெல் சத்தத்துக்குள்ள வளர்ந்த பிள்ளை. எனக்கு அடி இல்லைப் பிரச்சினை, அடிக்கு முந்தி டிம்பனி மெல்ல உருளும் பாருங்கோ, அதுதான். அடுத்தது எங்க விழப்போகுதெண்டு உடம்பு பாத்துக்கொண்டிருக்கும். கொன்றைப்பூ அக்காவின்ர மகனுக்கு அறிவிப்பு இருந்தால் சுகம், எனக்கு அறிவிப்பே வருத்தம். அதால எல்லாருக்கும் ஒரே மருந்து சொல்ல ஏலாது.

கோடை காலத்தில பூங்காக் கச்சேரிக்குப் போறவை நிகழ்ச்சி நிரலை முதல் பாருங்கோ. சைகோவ்ஸ்கியின்ர '1812' இருந்தால் கடைசிக்கு முதலே வெளிக்கிடுங்கோ. பீரங்கி வேணுமெண்டு அவரே எழுதி வைச்சிருக்கிறார். சில இடத்தில வாணமும் விடுவினம். ஒருமுறை தெரியாமல் இருந்து, மகளை இழுத்துக்கொண்டு கார் நிக்கிற இடத்துக்கு ஓடினனான்.

எனக்கு ஒத்துவாறது எல்கரின்ர நரம்பிசைச் செரினேட் (1892). நடுப்பகுதி லார்கெட்டோ. அது ஏறும், ஆனா அலை மாதிரி ஏறி அலை மாதிரி இறங்கும். டுவோஷாக்கின்ர நரம்பிசைச் செரினேட்டும் அப்பிடித்தான்.


பழைய கேசட்
செவ்வாய், மாலை 5.15

மருதடி அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஒரு கேள்வி. ராவெலின் 'பொலேரோ' இந்தப் பிள்ளைக்கு ஆகுமா? ஒரே மெட்டு, ஒரே தாளம், கால் மணி நேரம் படிப்படியாக ஏறும். எதிர்பாராததே இல்லை.


நடுவரிசை வயோலா
செவ்வாய், இரவு 11.30

என் எண்ணம்: பத்து நிமிடம்வரை கொடுக்கலாம். ஏறுவது தெரிந்தே ஏறும், எங்கே வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம். கடைசியில் சுருதி திடீரென்று மாறி, ஜால்ரா, பெருமுரசு, டாம்டாம் என்ற பெரிய சேகண்டி எல்லாம் சேர்ந்து சரியும், அந்த இடம் வேண்டாம்.


மருதடி
புதன், காலை 6.55

எனக்கு வேண்டாம். முதலாவது பாரிலேயே அந்த ஸ்நேர் டிரம் தொடங்கீடும். எனக்கு அது அணிவகுப்பு.


செவிநலம்
புதன், மதியம் 12.40

நானும் பொலேரோவுக்கு எதிர்தான், வேறு காரணத்துக்காக. மெல்ல ஏறும்போது பிள்ளை கடைசிவரை பொறுத்துக்கொண்டே போவான், தாங்காத கட்டத்தைத் தாண்டிய பிறகுதான் தெரியும். ஏறி இறங்குகிற இசை அவனுக்கு மூச்சுவிட இடம் தரும்.

நேரில் போக நினைப்பவர்களுக்கும் ஒன்று. வாசிக்கிறவர்களையே அது பாதிக்கிறது. லண்டன் ராயல் ஓப்பரா ஹவுஸில் 2012-இல் வாக்னர் ஒத்திகையின்போது, பித்தளை வாத்தியங்களுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த வயோலாக்காரர் ஒருவரின் காது நிரந்தரமாகக் கெட்டது. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேடைக்குப் பின்னால், முரசுக்காரர்கள் தலைக்கு மேலே இருக்கும் இருக்கைகளை வாங்காதீர்கள். வாசலை ஒட்டிய பின்வரிசை ஓரம்தான் நல்லது. பிரிட்டனில் சில ஆர்கெஸ்ட்ராக்கள் விளக்கை அணைக்காமல், நடுவில் எழுந்து போய் வரலாம் என்று சொல்லியே கச்சேரி வைக்கிறார்கள். நம் ஊர் சபாக்களும் இதைச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.


கொன்றைப்பூ
இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 9.30

நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாலின் மூலையில் ஸ்பீக்கர், ரிமோட் அவன் கையில். பாஹின் ஏர் மட்டும் தனி ஃபைலாக. முதல் நாள் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். நான்காம் நாள் சோபாவில். கிளாரினெட் அடாஜியோவைத் தினமும் ஒருமுறை போடுகிறான், குழு சேரும் இடத்துக்குச் சற்று முன் ரிமோட்டில் இரண்டு புள்ளி குறைக்கிறான், முடிந்ததும் கூட்டுகிறான். எப்போது என்று அவனுக்கு நொடிக் கணக்கில் தெரிகிறது. பிராம்ஸ் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. "வயலின் எங்கே?" என்று கேட்டு நிறுத்திவிட்டான். எல்கர் பிடித்தது. ஓடைக்கரையில் பறவை வரும் இடத்தை மட்டும் தேடிப் போட்டுக் கேட்கிறான்.

ஸ்கோர் பார்ப்பது எனக்கு வந்ததைவிட அவனுக்கு வேகமாக வந்துவிட்டது. டேப்லெட்டில் எஃப் எங்கே என்று விரலால் தேடிக்கொண்டே போகிறான். போன வாரம் அவனாகவே "அந்த டாம் பாட்டு எங்கே?" என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கியது. ஹைடன் ஸ்கோரை எடுத்துக் கொடுத்தேன். பார் எண்ணி 16-க்கு மேல் பென்சிலால் ஒரு வீடு வரையச் சொன்னான், பிரிண்ட் எடுத்து வரைந்தேன். குறைந்த சத்தத்தில் போட்டு, ஒரு விரல் தாளில், ஒரு விரல் ரிமோட்டில். 15-இல் நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து. நேற்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 15. அதற்கு மேல் போகச் சொல்லி நான் கேட்கவில்லை.

வயோலா அண்ணா, வயலின் நிறைய இருந்து, ஆனால் குத்தாமல் இருக்கிற மாதிரி அடுத்து எதைக் கொடுக்கட்டும்?


நடுவரிசை வயோலா
சனி, இரவு 11.58

மொசார்ட் 29, இரண்டாம் பகுதி. வயலின்கள் ஏறக்குறைய முழுக்க மியூட் போட்டு வாசிப்பார்கள், வயலின் குதிரையின் மேல் செருகும் சின்னத் துண்டு அது, ஒலியின் கூர்மையை எடுத்துவிடும். அந்த ஒரு பகுதியை மட்டும் தனி ஃபைலாக வையுங்கள். முதலில் நீங்கள் ஒருமுறை முழுக்கக் கேட்டு, எங்கெங்கே உரக்க வருகிறது என்று நிமிடம், நொடியோடு எழுதி அவன் கையில் கொடுத்துவிடுங்கள். ஸ்கோரையும் கொடுங்கள், மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.